கிராம சபைக்கு முன்னால் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை

கிராம சபைக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போனவர்களுக்குத் தெரியும். வரவு செலவு வாசிப்பார்கள், தீர்மானம் வாசிப்பார்கள், முன்வரிசையில் நாலு பேர் பேசுவார்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் சத்தம் போடுவார், பிறகு நோட்டில் கையெழுத்து. நிலத்தடி நீர் மாதிரி ஒரு விஷயம் அங்கே வந்தால் "ஆமாம், தண்ணி குறைஞ்சுதான் போச்சு" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள், அதோடு சரி. அக்கறை இல்லாமல் இல்லை. உன் போர் என் கிணற்றுத் தண்ணீரை இழுக்கிறது என்று பக்கத்து வயல்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மைக்கில் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதே ஆட்களை ஒரு கிண்ணத்தைச் சுற்றி உட்கார வைத்து, கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டு, இதுதான் ஊர்த் தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் "அடேய், நீ மட்டும் மூணு எடுத்தா நாங்க எங்க போறது" என்று கத்துவார்கள். கத்துவது கொட்டைக்காக என்பதால் யாருக்கும் கோபம் தங்காது, ஆனால் எதற்காகக் கத்துகிறோம் என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும். பொதுக் கொள்கை, திட்டம், ஊர் விதி என்று எதிலும் மக்களைப் பேச வைக்க ஆட்டத்தைப் பயன்படுத்துவது பற்றித்தான் இந்த வழிகாட்டி. முதல்முறை முயன்று பார்ப்பவர்களுக்காக எழுதியது.

பெயர் பற்றி இரண்டு வரி. பொழுதைப் போக்குவதற்காக அல்லாமல் ஒன்றைப் புரிந்துகொள்ளவோ முடிவெடுக்கவோ ஆடும் ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் சீரியஸ் கேம் என்று பெயர். கிளார்க் ஆப்ட் என்பவர் 1970-இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் 'காரிய ஆட்டம்' என்று சொல்லிப் பார்த்தேன், காரியம் என்றால் ஊரில் பதினாறாம் நாள்தான் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன். ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

இது யாரோ கனவு கண்ட விஷயமும் இல்லை. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிடாட்டும் கட்டைகளை அடுக்கி வீடு, தெரு எல்லாம் கட்டும் மைன்கிராப்ட் என்ற கணினி விளையாட்டைச் செய்யும் மோஜாங் நிறுவனமும் சேர்ந்து 2012-இல் 'பிளாக் பை பிளாக்' என்ற வேலையைத் தொடங்கின. நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில், தங்கள் தெருவும் மைதானமும் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே வாழ்பவர்களே மைன்கிராப்டில் கட்டிக் காட்டினார்கள். அதற்கும் முன்பே, செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாசனம் எப்படி நடக்கிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரி (மாடல்) ஒன்றைச் செய்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அதை விவசாயிகளிடம் எப்படிக் காட்டுவது என்று யோசித்து, அந்த மாதிரியையே ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் ஆட்டமாக மாற்றிக் கொண்டுபோனார்கள். ஆடிப் பார்த்த விவசாயிகளால் 'இது சரி, இது எங்கள் ஊரில் நடக்காது' என்று சொல்ல முடிந்தது. இந்த உதாரணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது ஆந்திரா. 2013–14 வாக்கில் அங்கே சில ஊர்களில் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து நிலத்தடி நீர் ஆட்டம் ஆடினார்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. ஒவ்வொரு சுற்றிலும் நிறையத் தண்ணீர் குடிக்கும் பயிரா, குறைவாகக் குடிக்கும் பயிரா என்று ஆளாளுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, பிறகு பேசலாம். அந்த ஊர்களில் வேலை செய்த தொண்டு நிறுவனத்தின் நீர்த் திட்டத்தில் இருந்தும் ஆட்டம் ஆடாத ஊர்களைவிட, ஆடிய ஊர்கள் தண்ணீர்க் கணக்கு நோட்டு வைப்பதும் தண்ணீருக்கு விதி போடுவதும் அதிகம் என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த நிறுவனம் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்த ஊர்களில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு மதியம் ஆடிவிட்டுக் காரில் ஏறிப் போனவர்கள் சாதித்தது இல்லை அது.

அந்த வகை ஆட்டம் ஒன்றையே முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பிரச்சினை குப்பையாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தால் கொட்டைக்குப் பதில் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்.

1. முடிவு யார் கையில் என்று முதலில் பாருங்கள்

ஆட்டத்தைச் செய்வதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், எல்லாரும் கடைசியில்தான் செய்கிறார்கள். இந்த ஆட்டத்தின் முடிவில் எந்தத் தீர்மானம் மாறக்கூடும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதற்கு ஒரே வரியில் பதில் இல்லையென்றால் ஆட்டம் வேண்டாம். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்காக இரண்டு மாதம் உழைத்து ஆட்டம் செய்து, நான்கு இடங்களில் ஆட வைத்து, மக்கள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு போனால், டெண்டர் விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்களைக் கூப்பிட்டது போட்டோவுக்கு. அந்த ஊர்களில் இன்றைக்கும் என் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை நல்ல கொக்கி. 2022-இல் இருந்து ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் நீர் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீ நெல் போடாதே என்று கிராம சபை யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஆனால் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எந்த வேலை முதலில் வர வேண்டும், தடுப்பணை எங்கே, எந்த ஊருணியைத் தூர்வார வேண்டும், கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து நோட்டில் எழுதுவது யார், இதையெல்லாம் முடிவு செய்யலாம். உங்கள் ஆட்டம் இதில் ஏதாவது ஒன்றில் போய் முடிய வேண்டும்.

2. யார் வரமாட்டார்கள்?

யார் வருவார்கள் என்று பட்டியல் போடுவது சுலபம், யார் வரமாட்டார்கள் என்று போடுங்கள். கோயில் மண்டபத்தில் வைத்தால் எந்தத் தெருக்காரர்கள் வரமாட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்து மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாது. பள்ளிக்கூடத் திண்ணை, மாலை ஐந்தரை என்றால் கொஞ்சம் பரவாயில்லை. அப்புறமும் காலனியில் தனியாக ஓர் ஆட்டம், சுய உதவிக் குழுப் பெண்களோடு ஓர் ஆட்டம் என்று பிரித்து ஆடுங்கள். எல்லாரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நினைப்பது நம்முடைய ஆசை, அந்த வட்டத்தில் யார் முதலில் பேசுகிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

3. ஒரே ஒரு சண்டையை எடுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் ஊரின் எல்லாப் பிரச்சினையையும் ஆட்டத்துக்குள் திணிப்பார்கள். வட்டிக்கடன், விலை வீழ்ச்சி, பூச்சி, அரசியல், எல்லாம். விதி சொல்லி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். தாயத்துக்கும் ஆடு புலிக்கும் யாரும் கையேடு படித்ததில்லை. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விதிகள், சுற்றுக்கு ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

நம் ஆட்டத்தின் சண்டை இது: எனக்கு லாபமான பயிர், ஊர்த் தண்ணீருக்கு நஷ்டமான பயிர். நெல்லுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்றால் நிலக்கடலைக்கு 500 போதும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறை. கீழே கடல் மாதிரி தண்ணீர் இல்லை, பாறை இடுக்கில் இருப்பதைத்தான் எல்லா போரும் உறிஞ்சுகின்றன. அதனால் ஒரே கிண்ணம் என்பது வெறும் உவமை இல்லை.

4. ஆட்டத்தைக் கட்டுவது

தேவையானவை: நூறு புளியங்கொட்டை, ஒரு கிண்ணம், ஆளுக்கு இரண்டு அட்டை (ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் கடலைச் செடி, வார்த்தை வேண்டாம், படம் போதும்), கணக்கு எழுத ஒரு கரும்பலகை.

ஐந்து பேர். கிண்ணத்தில் 40 கொட்டை. ஒவ்வொரு போகத்திலும் ஆளுக்கு ஓர் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், பிறகு எல்லாரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். நெல் போட்டவர் கிண்ணத்திலிருந்து 3 கொட்டை எடுக்கிறார், 5 ரூபாய் வருமானம். கடலை போட்டவர் 1 கொட்டை, 2 ரூபாய். எல்லாரும் எடுத்த பிறகு மழை பெய்து 5 கொட்டை கிண்ணத்துக்குள் திரும்ப வரும். யார் முதலில் எடுப்பது என்பது ஒவ்வொரு போகமும் ஓர் ஆள் தள்ளிப் போகும். மொத்தம் எட்டு போகம், ஆனால் எட்டு என்று ஆடுபவர்களிடம் சொல்லாதீர்கள். கடைசிச் சுற்று எது என்று தெரிந்தால் எல்லாரும் அதில் வழித்துத் துடைத்துவிடுவார்கள்.

நான் முதலில் செய்தது இவ்வளவுதான். பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டால் பகீர் என்றது. ஊரே எட்டு போகமும் கடலை போட்டால் மொத்த வருமானம் 80 ரூபாய். ஊரே நெல் போட்டால்? முதல் மூன்று போகம் ஜோராகப் போகும், 75 ரூபாய் வந்துவிடும், நான்காவது போகத்தில் கிண்ணத்தில் 10 கொட்டைதான் இருக்கும், மூன்று பேருக்கு மட்டும் தண்ணீர், அதற்குப் பிறகு ஒருவருக்கோ இருவருக்கோ. அப்படியும் மொத்தம் 125 ரூபாய். அதாவது தண்ணீரைச் சேமியுங்கள் என்று சொல்லப் போன என் ஆட்டம், உறிஞ்சித் தள்ளுங்கள் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது!

நிஜத்தில் விட்டுப்போனது எது என்று யோசித்தபோது ஒரு விவசாயி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "தண்ணி கிடைக்கலைன்னா பயிர் சும்மா நிக்குமா, காய்ஞ்சுபோகுமே, விதையும் உழவும் யார் தருவா?" சரிதான். நெல் போட்டுத் தண்ணீர் கிடைக்காதவருக்கு 3 ரூபாய் நஷ்டம் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன். இப்போது ஊரே நெல் போட்டாலும் 80, ஊரே கடலை போட்டாலும் 80. ஆனால் எட்டாவது போகம் முடிந்த பிறகு ஒரு கிண்ணத்தில் 5 கொட்டை, இன்னொன்றில் 40. இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போது கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும்.

இன்னும் ஒரு வழி உண்டு, அதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. போகத்துக்கு இரண்டு பேர் மட்டும் முறை வைத்து நெல் போட்டு மற்ற மூவர் கடலை போட்டால் 128 ரூபாய் வரும், கிண்ணத்தில் 8 மிஞ்சும். ஒருவர் மட்டும் என்றால் 104 ரூபாய், 24 கொட்டை. ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் வைத்துப் பழகிய ஊர்களில் யாராவது ஒரு பெரியவர் நாலாவது சுற்றில் "முறை வச்சுக்கலாமே" என்று தானாகவே சொல்வார். அந்தச் சத்தத்துக்காகத்தான் நாம் காத்திருக்கிறோம். எத்தனை பேர் என்பதை அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

5. வீட்டில் மூன்று தடவை ஆடுங்கள்

நண்பர்கள், வீட்டுப் பிள்ளைகள், யாரோடாவது. விதியில் ஓட்டை இருந்தால் பத்து வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். அடுத்து, எல்லாரும் பேராசைக்காரர்கள் என்றால் என்ன ஆகும், எல்லாரும் தியாகிகள் என்றால் என்ன ஆகும், ஒருவர் மட்டும் ஏமாற்றினால் என்ன ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் பட்ட அவமானம் உங்களுக்கு வராது.

6. ஆடும் நாள்

முதல் நான்கு போகம் பேசக்கூடாது. அடுத்த நான்கு போகம் தொடங்கும் முன் பேசிக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம், அட்டை மட்டும் அப்போதும் கவிழ்த்துத்தான். ஒப்புக்கொண்டுவிட்டு மாற்றி வைப்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார், அட்டையைத் திருப்பும்போது எழும் சிரிப்பும் திட்டும்தான் ஆட்டத்தின் உயிர். மேசைக்கு ஒருவர் கணக்கு எழுத, ஒருவர் காதில் விழும் பேச்சை எழுத. இரண்டாவது ஆள் முக்கியம். யார் எத்தனை ரூபாய் சம்பாதித்தார் என்பது பின்னால் யாருக்கும் வேண்டாம், "எனக்குக் கடன் இருக்கு, நான் நெல்லுதான்" என்று ஒருவர் சொன்னதுதான் வேண்டும்.

பரிசு கொடுக்காதீர்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்தால் போதும், ஊர்த் தண்ணீர் மறந்து போய் டம்ளர் மட்டும் நிற்கும்.

மழை எப்போதும் 5 என்பது சலிப்பாக இருந்தால், இரண்டாவது ஆட்டத்தில் 2, 5, 8 என்று மூன்று சீட்டு எழுதிக் குலுக்கி எடுங்கள். சராசரி அதே 5, ஆனால் தொடர்ந்து இரண்டு முறை 2 வந்தால் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று பார்க்கலாம்.

7. ஆடி முடித்த பிறகு எழுந்து போக விடாதீர்கள்

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் பேச்சுக்கும் ஒரு மணி நேரம் வையுங்கள். டீ இந்த நேரத்தில்தான் வர வேண்டும், முன்பே கொடுத்துவிட்டால் ஆள் இருக்காது. கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். எப்போது பயம் வந்தது? யார்மேல் கோபம் வந்தது? இதில் எது நம் ஊரில் நடக்கிறது, எது நடக்கவில்லை? 'என்ன கற்றுக்கொண்டீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள், வாத்தியாருக்குப் பிடித்த பதில்தான் வரும்.

இப்போது செனகலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் உங்கள் கருத்து. நெல்லுக்கு 3, கடலைக்கு 1 என்று போட்டது நீங்கள், கடலைக்கு விலை நிலையாக 2 ரூபாய் என்று வைத்ததும் நீங்கள். வேண்டிய முடிவு வரும்படி எண்களை வளைத்துவிட்டு, மக்களே சொல்லிவிட்டார்கள் பாருங்கள் என்று அறிக்கை எழுதுவது ரொம்பச் சுலபம். அதைச் செய்யாமல் இருக்க ஒரே வழி, விதிகளை அவர்கள் கையில் கொடுத்துவிடுவது. கடலை விலை ஒரு வருஷம் படுத்துவிடும் என்றால் அப்படியே மாற்றி இன்னொரு தடவை ஆடுங்கள். ஆழப் போர் போட்டவருக்குத்தான் முதல் தண்ணீர், சுற்றி வருவதெல்லாம் நடக்காது என்றால் அதையும். தமிழ்நாட்டில் 1990-இல் இருந்து பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம், கரண்டுக்குக் காசு என்றால் ஆட்டம் எப்படிப் போகும் என்று யாராவது கேட்டால் (கேட்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு) கொட்டைக்கு ஒரு ரூபாய் என்று போட்டு ஆடிப் பாருங்கள். கேட்டது யார், எதிர்த்தது யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பெண்கள் குழுவில் ஆட்டம் முடிந்ததும் ஓர் அக்கா கேட்டார்: "இதுல களை எடுக்கிறவ எங்க இருக்கா?" நிலம் இருப்பவர்கள் ஐந்து பேரை மட்டும் உட்கார வைத்திருக்கிறோம் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த ஊரில் ஆறாவது ஆளைச் சேர்த்தோம்: நிலம் கிடையாது, ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குப் போகத்துக்கு ஒரு கொட்டை அவருக்கு வேண்டும், மற்றவர்கள் பயிருக்கு ஏற்ப அவருக்குக் கூலி. கூலி எவ்வளவு என்று நான் எழுதவில்லை, அங்கே இருந்த பெண்களே சொன்னார்கள். அன்றைக்கு அந்த எண்ணுக்கே இருபது நிமிடம் வாக்குவாதம்.

8. சபைக்குக் கொண்டுபோவது

ஆட்ட மதிப்பெண்ணைக் கிராம சபையில் வாசிக்காதீர்கள், சிரிப்பார்கள். ஆடியவர்களில் இரண்டு பேர், கட்டாயம் ஒரு பெண், ஒரே பக்கத் தாளோடு எழுந்து பேச வேண்டும்: நாங்கள் ஆறு குழுவாக ஆடினோம், எல்லாக் குழுவும் ஒத்துக்கொண்டது இது, ஒத்துக்கொள்ளாதது இது, ஆகவே தீர்மானத்தில் இந்த வரியைச் சேர்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளாததையும் சொல்வது முக்கியம், அதை மறைத்தால் மறுபக்கத்துக்காரர்கள் கூட்டத்திலேயே கிழித்துவிடுவார்கள். நீங்கள் பேசாதீர்கள். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் காட்டிவிடுங்கள், கூட்டத்தில் அவசர அவசரமாக எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று முடிந்துவிடும். பதிவேட்டில் ஏறிய வரியைப் போட்டோ எடுத்து ஆடியவர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வரி ஏறவில்லையென்றால் ஏன் ஏறவில்லை என்ற காரணத்தை அனுப்புங்கள், இதை விட்டுவிட்டால் அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

கணினியில் செய்யலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தெரு வடிவமைப்பு, பூங்கா மாதிரி கண்ணால் பார்த்துக் கட்ட வேண்டிய விஷயம் என்றால் மைன்கிராப்ட் வகை உதவும், அதற்கும் கணினிகளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஆட்களும் வேண்டும். செயலி ஒன்றைச் செய்து வீட்டிலிருந்தே ஆடுங்கள் என்று விட்டால் அட்டையைத் திருப்பும்போது எதிரில் முகம் இருக்காது. என் கருத்தில் முதல் ஆட்டம் கொட்டையில்தான்.

செலவு என்று பார்த்தால் டீ, வடை, அட்டை, அச்சு. புளியங்கொட்டை மட்டும் ஆட்டத்துக்கு நூறு என்றால் நூற்றைம்பதாகக் கொண்டுபோங்கள், பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போய்விடும். மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குப் போகும்போது, நீர்மட்ட நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டு, கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பாருங்கள்.